படித்ததையும் பார்த்ததையும் எழுதி வைப்பது எப்படி? அம்பாசமுத்திரம் ரயிலில் உருவான வழிமுறை

“படம் எப்படிடே இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு அண்ணாச்சி.”

“நல்லான்னா?”

“சூப்பர் படம் அண்ணாச்சி. கண்டிப்பா பாருங்க.”

“அது சரி. மறுவீட்டுச் சொதியும் நல்லாத்தான் இருந்துச்சு, எங்க மருமகன் எடுத்த புது பைக்கும் நல்லாத்தான் இருக்கு. ஒன் படம் இதுல எந்தச் சேர்த்தி?”

பாளையங்கோட்டையில் மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்விட்டு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஐந்தாறு பேர் ஒரு டீக்கடையில் கூடுவோம். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். முந்தின ராத்திரிதான் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்த படம், இரண்டு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்ட படம். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் இருந்ததெல்லாம் ‘சூப்பர்’ என்ற ஒரு சொல்தான்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு நோட்டு வாங்கினேன். இப்போது ஐந்தாவது நோட்டு ஓடுகிறது. அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவன் நான். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பேட்டை என்று நின்று நின்று போகும் வண்டி. காலையில் போகும்போது படிப்பேன், சாயங்காலம் திரும்பும்போது எழுதுவேன். அப்படி எழுதி எழுதி, தப்பு செய்து திருத்திக்கொண்ட வழிமுறை இது. இதைக் கற்றுக்கொண்டால் விமர்சகர் ஆகிவிடலாம் என்று சொல்ல மாட்டேன். அண்ணாச்சி மாதிரி ஒருவர் “நல்லான்னா?” என்று கேட்டால் வாயடைத்து நிற்க வேண்டாம், அவ்வளவுதான்.

படி 1: படிக்கும்போதே அடையாளம் வையுங்கள்

ஒரு எண்பது பக்க நோட்டும் பென்சிலும் போதும். சொந்தப் புத்தகம் என்றால் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போடலாம். நூலகப் புத்தகத்தில் கோடு போடுகிறவர்களை நான் மன்னிப்பதில்லை. அதற்கு ரயில் டிக்கெட் இருக்கிறது. பழைய டிக்கெட்டை அடையாளமாக வைத்து, அதன் பின்பக்கம் பக்க எண்ணையும் ஒரே ஒரு சொல்லையும் எழுதிக்கொள்ளுங்கள். ‘112, கிணறு’. சாயங்காலம் அதைப் பார்த்தால் முழு இடமும் ஞாபகம் வந்துவிடும்.

போனில் குறித்து வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம். நான் இரண்டு வருஷம் வைத்தேன். ஒரு மழை நாளில் போன் நனைந்தது, இரண்டு வருஷமும் சேர்ந்து போனது.

சினிமாவுக்கு இது ஒத்துவராது. இருட்டில் நோட்டை விரித்தால் பக்கத்துச் சீட்டுக்காரர் முறைப்பார், போன் வெளிச்சம் அதைவிட மோசம். அதனால் விரலில் எண்ணிக்கொள்கிறேன். மனத்தில் தைத்த காட்சி ஒன்றுக்கு ஒரு விரலை மடக்கி, அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வது. இடைவேளையில் வெளியே வந்ததும் அந்தப் பெயர்களை எழுதிவிட வேண்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அது நல்ல படம். ஒன்றுகூட மடங்கவில்லை என்றால் அதுவும் எழுத வேண்டிய விஷயந்தான்.

ஸ்டேட்டஸ் போடுவதற்காகத் திரையை வீடியோ எடுக்காதீர்கள். மரியாதைக் குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி, அனுமதியில்லாமல் திரையைப் பதிவு செய்வதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 3 மாதச் சிறையும் 3 லட்ச ரூபாய் அபராதமும். முதல் நாள் முதல் காட்சியில் விசிலடித்துக்கொண்டே போனைத் தூக்கும் தம்பிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

படி 2: அன்றைக்கு ராத்திரியே மூன்று வரி

இந்த ஒரு படியை மட்டும் விடாமல் செய்தால்கூடப் போதும். படித்து முடித்த அன்றோ பார்த்து முடித்த அன்றோ, தூங்குவதற்குள் மூன்று வரி எழுத வேண்டும். அந்த மூன்று வரியை எழுதி முடிக்கும் வரை யார் சொன்ன விமர்சனத்தையும் பார்க்கக் கூடாது. யூடியூப் கூடாது, நண்பர்கள் குழு கூடாது. ஒரு தடவை இன்னொருவர் கருத்தைக் கேட்டுவிட்டால் அப்புறம் நம்முடையது எது, அவருடையது எது என்று பிரித்தெடுக்க முடியாது. பாலில் தண்ணீர் கலந்த கதைதான்.

முதல் வரியில், நான் எங்கே நின்றேன் என்று எழுதுங்கள். எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன், எந்தக் காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்?

இரண்டாவது வரி உடம்பு என்ன செய்தது என்பது. தொண்டை அடைத்ததா, சிரிப்பு வந்ததா, கொட்டாவி வந்ததா, மணி பார்த்தேனா. மனசு பொய் சொல்லும். பெரிய எழுத்தாளர் என்று பெயர் கேட்டுவிட்டால் பிடிக்காததையும் பிடித்தது என்று சொல்லும். கொட்டாவிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

மூன்றாவது வரி, யார் ஞாபகம் வந்தது என்பது. என் நோட்டுகளில் மற்ற இரண்டும் சொதப்பின நாளில்கூட இந்த வரி கைகொடுத்திருக்கிறது. ஒரு மலையாளப் படத்தைப் பார்த்துவிட்டு ‘வீரவநல்லூர் சித்தப்பா, சைக்கிள் செயின் மாட்டும்போது’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். படத்தின் கதை இப்போது பாதி மறந்துவிட்டது. ஆனால் அதில் ஒரு தகப்பன் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கைவேலையிலேயே கண்ணாக இருந்துகொண்டு பேசுவார் என்பது அந்த வரியால் இன்னும் நிற்கிறது. சித்தப்பாவும் அப்படித்தான். முக்கியமான விஷயம் என்றால் செயின் கழன்றுவிடும்.

படி 3: ஒரே ஒரு இடத்தைப் பிடியுங்கள்

மறுநாள் அந்த மூன்று வரியை எடுத்து வைத்துக்கொண்டு விரித்து எழுத உட்காரும்போது எல்லாரும் விழுகிற பள்ளம் ஒன்று உண்டு. முதல் அத்தியாயத்திலிருந்து கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். கதை, நடிப்பு, இசை, ஒளிப்பதிவு, ஆளுக்கு ஒரு பத்தி, கடைசியில் ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண். பள்ளிக்கூட ரேங்க் கார்டு மாதிரி இருக்கும்.

நம்மூர் வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் நடந்த வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். டி.கே.சிதம்பரநாத முதலியார், 1882-ல் பிறந்து 1954-ல் மறைந்தவர். நண்பர்களைச் சுற்றி உட்காரவைத்து, கம்பனில் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லி, சொல் சொல்லாக ருசி காட்டுவார். காவியம் முழுவதையும் அள்ளிக் கொட்ட வேண்டும் என்று அவருக்கு அவசரமே கிடையாது. அதுதான் நமக்கும் வேண்டியது. முந்நூறு பக்க நாவலில் இரண்டு பக்கம், இரண்டரை மணி நேரப் படத்தில் ஒரு நிமிஷம். அதைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

அவரிடம் எடுத்துக்கொள்ளக் கூடாத ஒன்றும் இருக்கிறது. தமக்கு ஒப்பாத பாடல்களை இது கம்பன் வாக்கே இல்லை, இடைச்செருகல் என்று தள்ளிவிடுவார், சில இடங்களில் சொல்லையும் திருத்துவார். பெரிய ரசிகர், அவருக்கு அந்தத் துணிச்சல் இருந்தது. நாம் மேற்கோள் எடுக்கும்போது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்துத்தான் எழுத வேண்டும். ஞாபகத்திலிருந்து எழுதினால் நமக்குப் பிடித்த மாதிரி அது மாறியிருக்கும். எனக்கே ஒரு தடவை மாறியிருக்கிறது, நல்லவேளை அண்ணாச்சி கண்ணில் படவில்லை. மதிப்புரைக்காக நாலைந்து வரி எடுத்தாள்வதை 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. கதை முழுவதையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போடுவது அந்தக் கணக்கில் வராது.

படி 4: இன்னொருவருக்கு வாசித்துக் காட்டுங்கள்

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தற்செயலாக நடந்தது.

புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ சிறுகதை. அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் எளிதில் கிடைக்கும். படிக்காதவர்கள் அரை மணி நேரம் ஒதுக்கிப் படித்துவிட்டு வந்தால் நல்லது, ஏனென்றால் இங்கே கதையைச் சொல்லத்தான் போகிறேன். சென்னையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளையின் மனைவி இறந்துபோவதில்தான் கதை ஆரம்பிக்கிறது. நோயாளி மனைவிக்கு அவர் பண்டுவம் பார்த்த நாட்கள் அப்புறம் வருகின்றன. இறந்த உடலை அவரே வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டுவார்.

என் நோட்டில் நான் எழுதியிருந்தது: ‘குளிப்பாட்டும் இடம். கை நடுங்கியது. எவ்வளவு அன்பு.’ எனக்கே திருப்தியாக இருந்தது. நல்ல குறிப்புதான் என்று நினைத்தேன்.

அந்த வாரம் கல்லிடைக்குறிச்சிப் பெரியம்மை வீட்டுக்கு வந்திருந்தாள். கண்ணில் புரை, படிக்க முடியாது. பொழுதுபோகவில்லை என்றாள், கதையை வாசித்துக் காட்டினேன். கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். குளிப்பாட்டும் இடம் வந்ததும் கை நின்றுவிட்டது.

“அந்த மனுசனேவா குளிப்பாட்டுதாரு?”

“ஆமா பெரியம்மை.”

“ஏன், அங்கன ஒரு பொம்பிளை கூடவா இல்ல?”

நான் பேசாமல் இருந்தேன். அவளே சொன்னாள். “நம்ம ஊர்ல ஒரு பொம்பிளை கண்ண மூடிட்டான்னா, வீட்டு ஆம்பிளைக்குச் சேதி தெரியும் முன்ன தெருவுல இருந்து நாலு பேர் வந்துருவாளுக. தண்ணி சுட வைக்கது ஒருத்தி, சேலை எடுக்கது ஒருத்தி. அவன உள்ளயே விட மாட்டாளுக. பாவம், ஒத்தையில பட்டணத்துல கெடந்து...” அப்புறம் கீரையை எடுத்துக்கொண்டாள்.

நான் அன்பைப் பார்த்த இடத்தில் பெரியம்மை ஆள் இல்லாததைப் பார்த்தாள். திரும்பப் படித்தபோது கதை முழுவதும் அந்தத் தனிமை பரவிக் கிடந்தது. ஊரைப் பற்றி அந்தத் தம்பதி பேசிக்கொள்ளும் இடங்களெல்லாம் வேறு மாதிரி ஒலித்தன. அன்பு இல்லை என்று ஆகிவிடவில்லை, ஆனால் அந்த அன்புக்கு மாற்றுக் கை இல்லை. சொந்தக் கண்ணால் நான் பார்த்திருக்க முடியாது, ஏனென்றால் அந்த மாதிரி வீட்டில் உள் அறைக்குள் என்ன நடக்கும் என்பது ஆம்பிளையாகப் பிறந்த எனக்குத் தெரியாது.

ஆகவே வாசித்துக் காட்டுங்கள், அல்லது காட்சியைச் சொல்லிக் காட்டுங்கள். இலக்கியம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. ‘உனக்கு என்ன தோணுது?’ என்று மட்டும் கேட்காதீர்கள், கேட்டால் பரீட்சை எழுதுகிற மாதிரி பதில் வரும். சும்மா வாசியுங்கள். எங்கே கை நிற்கிறது என்று பாருங்கள். அவர்கள் சொன்னதை எழுதும்போது அவர்கள் சொன்னதாகவே எழுதுங்கள், நமக்கே தோன்றிய மாதிரி எழுதிக்கொள்ள வேண்டாம்.

படி 5: எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்

டிக்கெட்டில் இருக்கும் சீட்டு எண்ணைச் சொல்லவில்லை. ‘பரியேறும் பெருமாள்’ 2018-ல் வந்தது, மாரி செல்வராஜின் முதல் படம், திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் நடக்கும் கதை. கடைசிக் காட்சியில் இரண்டு டீ கிளாஸும் நடுவில் ஒரு பூவும் இருக்கும். என் நோட்டில் ‘அழகான முடிவு. பூ.’ என்று இருக்கிறது. டீக்கடையில் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு நண்பர், அதிகம் பேசாதவர். “எனக்குப் பூ கண்ணுலயே படல” என்றார். “கிளாஸைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். எங்க ஊர் டீக்கடையில எங்க ஆளுகளுக்குத் தனி கிளாஸ் இருந்ததை எங்க அப்பா சொல்லிருக்காரு. அவர் குடிச்சுட்டு அதை அவரே கழுவி வச்சுட்டு வரணும்.” எங்கள் முன்னால் இருந்த கிளாஸ்களை யாரும் கொஞ்ச நேரம் தொடவில்லை.

நான் எழுதியது பொய் இல்லை. ஆனால் ‘என்னை எந்த டீக்கடையிலும் யாரும் நிறுத்தி ஊர், தெரு கேட்டதில்லை’ என்ற ஒரு வரி அதோடு சேர்ந்திருந்தால்தான் அது முழுசாக உண்மை. அப்போதிருந்து, விஷயம் சாதி, மதம், ஆண் பெண், காசு என்று போகும் படைப்புகளுக்கு எதிர்வினை எழுதும்போது நான் யார், எங்கிருந்து பார்க்கிறேன் என்று இரண்டு வரி சேர்க்கிறேன். புலம்பலாகவோ மன்னிப்பாகவோ எழுத வேண்டாம், முகவரி எழுதுகிற மாதிரி எழுதினால் போதும்.

படி 6: பெயர், வருஷம், பேச்சு சரிபார்க்க

இது சின்ன வேலை. புத்தகத்தின் உள் அட்டைக்குப் பின்னால் முதல் பதிப்பு எந்த வருஷம், கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று இருக்கும், இரண்டையும் எழுதுங்கள். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயரை விட்டுவிட்டுப் பேசுவது அநியாயம். படத்துக்கு ஆரம்பத்தில் காட்டும் தணிக்கைச் சான்றிதழைக் கவனியுங்கள், எவ்வளவு நேரப் படம் என்பது அதில் இருக்கும். பிள்ளைகளோடு பார்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கும் அது உதவும். பெரியவர்கள் துணையோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்பதற்கு முன்பு ஒரே யூஏ-வாக இருந்தது, இப்போது 7+, 13+, 16+ என்று பிரித்துக் கொடுக்கிறார்கள்.

நம் பக்கத்துப் பேச்சு வரும் படம், புத்தகம் என்றால் எனக்கு ஒரு தனி அளவுகோல் உண்டு. ஒவ்வொரு வசனத்துக்கும் கடைசியில் ஒரு ‘லே’ ஒட்டிவிட்டால் நெல்லைத் தமிழ் ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ‘லே’ வயதில் சின்னவனிடமும் கூட்டாளியிடமும் வரும். ‘வே’ வேறு இடத்தில் வரும், அதில் ஒரு மரியாதையும் ஒரு சண்டையும் சேர்ந்தே இருக்கும். மாமனாரைப் பார்த்து ‘லே’ போடுகிறவனை இந்தப் பக்கம் யார் வீட்டுக்குள் சேர்ப்பார்கள்? ‘சொல்லுதேன்’, ‘வாரேன்’, ‘இங்கன’ இதெல்லாம் காதில் விழுகிறதா என்று கேளுங்கள். இதை எழுத நம்மைவிடத் தகுந்த ஆள் கிடையாது, சென்னையில் இருக்கும் விமர்சகருக்கு இது காதில் விழவே விழாது.

படி 7: பிடிக்காததை எழுதுவது

‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது வேறு, ‘சரியில்லை’ என்பது வேறு. முதலாவதுக்கு என் வாழ்க்கையிலிருந்து காரணம் சொல்ல வேண்டும், இரண்டாவதுக்குப் படைப்பிலிருந்து சொல்ல வேண்டும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை நான் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். ஒரு படத்தை ‘வசனமே புரியவில்லை, மோசமான ஒலிப்பதிவு’ என்று எழுதிவைத்தேன். ஆறு மாதம் கழித்து வீட்டில் பார்த்தால் வசனம் மணி மணியாகக் கேட்கிறது. தியேட்டரில் ஒரு பக்க ஸ்பீக்கர் வேலை செய்யாமல் இருந்திருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் எங்கே, எந்தக் காட்சி, பக்கத்தில் யார், சாப்பிட்டுவிட்டுப் போனேனா என்று தலைப்புக்குக் கீழே சின்னதாக எழுதிவிடுகிறேன்.

ஆளைத் திட்டாதீர்கள். ‘இந்த எழுத்தாளருக்கு எழுதவே தெரியாது’ என்பதில் தகவல் எதுவும் இல்லை. ‘நாற்பது பக்கத்தில் கதாநாயகி எட்டு தடவை ஜன்னலோரம் நின்று அழுகிறாள்’ என்பதில் இருக்கிறது. எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.

படி 8: எழுதி முடித்ததைச் செதுக்குவது

அந்த ஒரு இடத்திலேயே ஆரம்பியுங்கள். ‘சமீபத்தில் ஒரு புத்தகம் படிக்க நேர்ந்தது’ என்று ஆரம்பித்தால் அந்த வரியை அடித்துவிட்டு அடுத்த வரியிலிருந்து பாருங்கள், பெரும்பாலும் எதுவும் குறைந்திருக்காது. கதையை அந்த இடம் புரிகிற அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். கடைசித் திருப்பத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், நான் மேலே ‘செல்லம்மாள்’ கதைக்குச் செய்த மாதிரி, முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள்.

அப்புறம் சத்தமாக வாசியுங்கள். ‘அருமை’, ‘நெகிழ்ச்சி’, ‘யதார்த்தம்’, ‘வேற லெவல்’ வரும் இடங்களில் நின்று, அண்ணாச்சி எதிரில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். “நெகிழ்ச்சின்னா?” அதற்குப் பதிலாக வாயில் என்ன வருகிறதோ அதை அந்த இடத்தில் எழுதிவிட்டு நெகிழ்ச்சியை அடித்துவிடுங்கள். எனக்கு ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போனதில்லை. நீளமாகப் போனால் வீரவநல்லூரிலேயே தூங்கிவிடுவேன்.

படி 9: இரண்டு வரி காலியாக விடுங்கள்

ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே தேதி போட்டு, இரண்டு மூன்று வரி இடம் விட்டுவிடுங்கள். அந்தப் புத்தகத்தைத் திரும்பப் படித்தாலோ படத்தை மறுபடி பார்த்தாலோ, பழையதை அடிக்காமல், வேறு நிற மையில் அதன் கீழே எழுத வேண்டும். புத்தகத் திருவிழாவில் ஆசையாக வாங்கி, பாதியில் போட்டுவிட்ட ஒரு நாவலுக்கு 2019-ல் நீல மையில் எழுதியிருக்கிறேன்: ‘இழுவை. அறுபது பக்கம் தாண்டியும் ஒன்றும் நடக்கவில்லை.’ போன மாசம் சேரன்மகாதேவியில் கிராசிங்குக்காக வண்டி வெகுநேரம் நின்றபோது, கையில் வேறு எதுவும் இல்லாமல் அதையே மறுபடி எடுத்தேன். கீழே இப்போது பச்சை மையில் இருக்கிறது: ‘அறுபதாம் பக்கத்துக்கு முன்னாலேயே எல்லாம் நடந்துவிட்டது. அன்றைக்கு எனக்குத் தூக்கம்.’